உள்ளுக்கை இருக்கிறவை

அவரோடு கதைக்கிறவர்கள் கதைத்தபடியே பின்னால் நகர்வார்கள். அவர் முன்னால் நகர்வார். அரியாலையில் எங்கள் ஒழுங்கை முகப்பில் தொடங்கிய கதை எங்கள் வீட்டுப் படலையடியில் வந்து முடிந்ததைப் பல தடவை பார்த்திருக்கிறேன். மனிதருக்குக் காது மந்தம் போலும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் விஷயம் பிடிபட்டது. அவர் எங்கள் கதையைக் கேட்க நெருங்கி வரவில்லை. எங்கள் வாயை மணந்து பார்க்க வருகிறார்.

ஆஸ்பத்திரி லாப் ஒன்றில் வாழ்நாள் முழுவதும் இரத்தமும் சலமும் சோதித்து ஓய்வு பெற்றவர். சிறுநீரைச் சலம் என்றுதான் நாங்கள் சொல்வது. அது கொஞ்சம் மரியாதையான சொல். வீட்டின் பின்விறாந்தையில் ஒரு மேசை போட்டு, கண்ணாடிக் குழாய்களும் மூடி இறுக்கிய சில மருந்துப் போத்தல்களும் அடுக்கி வைத்திருந்தார். ஒழுங்கையில் யாருக்காவது கால் வீங்கினால், முகம் ஊதினால், விடியச் சலத்தைப் போத்தலில் பிடித்துக்கொண்டு போய்க் கொடுப்பார்கள். சும்மாதான் பார்த்துக் கொடுப்பார். ஊர் அவருக்குப் 'போத்தல் ஐயா' என்று பேர் வைத்துவிட்டது. பெண் பார்க்க வந்த வெளியூர்ப் பகுதி ஒன்று அந்தப் பேரைக் கேட்டு, அயல் முழுக்கக் குடிகாரர் என்று நினைத்துத் திரும்பிப் போனதாக ஒரு கதையும் உண்டு.

சும்மா செய்து கொடுக்கிற ஆட்களை நான் நம்புவதில்லை. அப்போது எனக்குக் கூட்டுறவுச் சங்கக்கடையில் சாமான் நிறுத்துக் கொடுக்கிற வேலை. நிறுக்கிறவளுக்கு ஆட்களில் நம்பிக்கை வராது. ஆட்களுக்கும் நிறுக்கிறவளின் கையில் நம்பிக்கை வராது. ஆகவே சந்தேகம் எனக்குப் பழகிய சாமான்தான். ஆனால் அவருடைய சந்தேகத்துக்கு முன்னால் என்னுடையது கால் தூசுக்கும் பெறாது.

வேதக்காரர். மனைவி இறந்து தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமையில் ஒரு முறையும் தவறாமல் கோயிலுக்குப் போவார். திருவிருந்துக் கிண்ணம் அவரிடம் வரும்போது, சட்டைப்பையிலிருந்து வெள்ளை லேஞ்சியை எடுத்து விளிம்பைச் சுற்றித் துடைத்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். ஒருநாள் போதகர் கூப்பிட்டுக் கண்டித்திருக்கிறார். அதற்கு இவர் சொன்ன பதில் ஒழுங்கை முழுக்கப் பரவியது.

"கர்த்தரிலை எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. எனக்கு முன்னாலை குடிச்ச ஆளிலைதான் சந்தேகம்."

கலியாண வீட்டில் பெண்ணின் தகப்பனை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய், "காலமை வெளிக்குப் போனனீரோ?" என்று கேட்ட மனிதர். யாரைக் கண்டாலும் குசலம் விசாரிப்பது அப்படித்தான். தலைவலி என்றாலும், தோலில் சொறி என்றாலும், மனம் சரியில்லை என்றாலும் அவருக்கு எல்லாம் ஒரே இடத்தில்தான் தொடங்கும். கக்கூசில். எங்கள் ஒழுங்கைப் பெண்கள் அவர் வருவதைக் கண்டால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கதைப்பார்கள். அதை வெட்கம் என்று நினைக்கிற அளவுக்கு அவர் அப்பாவி இல்லை. "வாயைப் பொத்தினால் விளங்கிச்சு, மூண்டு நாளாப் போகேல்லை" என்பார்.

கிருமி என்று அவர் சொல்லவேமாட்டார். 'உவை' என்பார். எட்டத்திலும் இல்லாமல் கிட்டத்திலும் இல்லாமல் அங்காலே நிற்கிற மனிதரைச் சொல்வது போல. குடலுக்குள் இருக்கிறவர்களுக்கு அவ்வளவு மரியாதை.

"உவை கெட்ட ஆக்களும் இல்லை, பிள்ளை. நாங்கள் திண்டு மிஞ்சினதைத் திண்டு சீவிக்கினம். கீரையும் தவிடும் போனால் நல்ல பிள்ளையள் மாதிரி இருப்பினம். இறைச்சியும் மீனும் மிஞ்சிப் போனால் உவை அதை நஞ்சாக்கிப்போடுவினம். சுகமான ஆளுக்குக் கிட்னி அதைக் கழிச்சுவிடும். கிட்னி பழுதான ஆளுக்கு? நஞ்சு ரத்தத்திலை தேங்கும். தேங்கினது திரும்பக் குடலை அரிக்கும். குடல் அரிபட உவைக்கு இன்னும் கொண்டாட்டம். எல்லாரும் கிட்னிக்கு மருந்து கட்டுறாங்கள். அது வாய்க்கால். நஞ்சு சமைக்கிற குசினி வேறை இடத்திலை."

இதை லாப்பில் இருந்த காலம் முழுக்கப் பெரிய டொக்டர்மாருக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறார். அவர்கள் சிரித்துவிட்டு, இரத்த ரிப்போட் எங்கே என்று கேட்பார்களாம். சிரித்த ஒவ்வொருவருடைய பேரையும் அவர் மறக்கவில்லை. எனக்குப் பயம் தந்தது அதுதான். ஒரு மனிதர் தான் சொல்வது சரி என்று காட்டுவதற்காக அவ்வளவு காலம் காத்திருந்தால், காட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டுமே.

தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்கியது. பாதை பூட்டினார்கள். உரம், சவுக்காரம், பற்றரி, மண்ணெண்ணெய் எல்லாம் தடை. கறண்ட் நின்றது. அப்படிப்பட்ட நாளில் சங்கக்கடை வாசலில், மண்ணெண்ணெய் வரிசையில் நின்றுகொண்டு அவர் யாருக்கோ உரத்துச் சொன்னார்:

"உவையளை நம்பேலாது கண்டீரோ. உள்ளுக்கை இருந்துகொண்டு, எங்கடை சோத்தைத் திண்டுகொண்டு, எங்களுக்கே நஞ்சு வைக்கினம்."

வரிசை அப்படியே விறைத்துப் போனது. யார் அந்த 'உவை'? ஆமியா, இயக்கப் பெடியளா, காட்டிக்கொடுக்கிறவர்களா? ஆளுக்கொரு அர்த்தம் எடுத்துக்கொண்டு எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். இரண்டு பெண்கள் வெறும் கானோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவரோ தன்பாட்டில் பெருங்குடலைப் பற்றிக் கதைத்துக்கொண்டு நின்றார். தராசைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

தொண்ணூற்றிரண்டில் நோய் எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்தது. என் கணவர் கொடிகாமத்து ஆள். சந்தைக்கு மரக்கறி ஏற்றி இறக்கிய லொறிக்காரர். டீசல் இல்லாமல் போனபிறகு சைக்கிளில் மூட்டை கட்டி மிதித்தார். பிறசர் இருந்தது, மருந்து கிடைத்தால் குடிப்பார், கிடைக்காவிட்டால் அதற்காகக் கவலைப்படமாட்டார். ஒருநாள் விடிய எழும்பியவரின் முகம் எனக்குத் தெரியாத ஒருவரின் முகம் போல ஊதியிருந்தது. ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள். இரண்டு கிட்னியும் சுருங்கிப் போய்விட்டது என்றார் டொக்டர். இரத்தத்தில் யூரியா கூடிவிட்டது, இரத்தத்தைச் சுத்திகரிக்கிற மெஷின் இங்கே இல்லை, கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டிவரும், அதுவரைக்கும் சாப்பாட்டைக் கட்டுப்படுத்துங்கள் என்றார்.

பெரிய பிழை அந்த 'யூரியா' என்ற சொல்லில் இருந்துதான் தொடங்கியது. கொடிகாமத்திலிருந்து மகனைப் பார்க்க வந்த மாமி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். மாமிக்குத் தெரிந்த யூரியா ஒன்றுதான்: வெள்ளைக் குறுணி, பையில் வருவது, மிளகாய்க் கன்றுக்குப் போடுவது.

"நான் அப்பவே சொன்னனான், உந்த உரத்தை அள்ளிக் கொட்டாதை எண்டு. கொட்டி விளைஞ்ச மரக்கறியைத் திண்டு திண்டு இப்ப ரத்தத்திலை ஏறி நிக்குது!"

அன்றே கீரையும் பூசணியும் கத்தரியும் எங்கள் குசினியிலிருந்து வெளியேறின. மாமி தன் கோழிகளைக் கூடையில் போட்டுக் கொண்டுவந்து இறக்கினார். சின்ன மீன் கிடைத்தால் மீன், இல்லாவிட்டால் முட்டை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆட்டுக்கால் சூப்பு.

"கோழிக்கு ஆர் யூரியா போட்டது? கடலுக்குள்ளை ஆர் யூரியா போட்டது?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னால், எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அந்தத் தடை நாளில் மகனுக்கு ஆட்டுக்கால் தேடிப் பிடித்த தாயை எந்த மருமகள் தடுப்பாள்?

என் கணவரின் சலத்தை முதன்முதலில் போத்தல் ஐயாவிடம் கொண்டுபோனது அப்போதுதான். நம்பிக்கையால் அல்ல, போக வேறு இடம் இல்லாததால். அவர் குழாயில் சலத்தை ஊற்றி, நெருப்பில் காட்டி வெண்படலம் திரளுகிறதா என்று பார்த்தார். கிட்னி பழுதென்றால் அது திரளுமாம்; திரண்டது. பிறகு இன்னொரு குழாயில் ஊற்றி, ஆசிட் விட்டு, ஏதோ மஞ்சள் மருந்தைச் சொட்டி, கொஞ்சம் குளோரோபோம் விட்டுக் குலுக்கினார். அடியில் நீலம் இறங்கியது. தொட்டு எழுதலாம் போன்ற கடும் நீலம். அவர் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் பின்னாலேயே எங்கள் வீட்டுக்கு நடந்து வந்து, நேரே குசினிக்குள் போய்ச் சட்டியைத் திறந்தார்.

"என்னம்மா இது?"

"சூப்பு," என்றார் மாமி. "யூரியா இல்லாத சாப்பாடு."

அவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். இரத்தத்தில் இருக்கிற யூரியா தோட்டத்திலிருந்து வந்ததல்ல, இறைச்சியும் மீனும் உடம்பில் கரைந்து உண்டாவது. அதில் ஒரு பங்கு குடலுக்குள் கசியும், உவை அதைப் பிடித்துக் காரமாக்கி உள்தோலை அரிப்பார்கள். போதாததற்கு மிஞ்சிய இறைச்சியில் அந்த நீல நஞ்சையும் சமைப்பார்கள். மாமி கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"பேர் ஒண்டு. அப்ப சாமான் ரெண்டோ?"

வேறு யாராக இருந்தாலும் 'ஓம், ரெண்டு' என்று சொல்லி விஷயத்தை முடித்திருப்பார்கள். அவருக்குப் பொய் வராது.

"சாமானும் ஒண்டுதான் அம்மா. ஆனால்..."

"அப்ப நான் சொன்னது சரி," என்று மாமி சட்டியை மூடினார்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு தரம் போத்தல் போகும். அவர் எழுதித் தந்த சாப்பாடு: அவித்து நீர் வடித்த மரக்கறி, தவிடு போகாத குத்தரிசிச் சோறு, கொஞ்ச மோர். இறைச்சி, மீன், முட்டை கண்ணிலும் காட்டக்கூடாது. இதற்கு மேல், சிரட்டைக்கரியை மாவாக இடித்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கச் சொன்னார். நஞ்சைக் கரி பிடித்துக்கொண்டு வெளியே வரும் என்றார். மறுநாள் என் கணவருக்கு வெளிக்குக் கறுப்பாகப் போனதைக் கண்ட மாமி, இது செய்வினை, வேதக்காரன் மந்திரிச்ச சாம்பல் குடுத்திட்டான் என்று தலையில் அடித்துக்கொண்டார்.

எனக்கு மந்திரத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் அவர் ஒரு கொப்பியில் எழுதுவதைக் கண்டிருந்தேன். என் கணவரின் பேர், திகதி, ஆஸ்பத்திரி ரிப்போட்டில் இருந்த யூரியா, நீலத்தின் அளவு. எழுதும்போது அவருடைய முகத்தில் ஒரு ருசி இருந்தது. என் மனிதனை வைத்து இந்த ஆள் ஆராய்ச்சி செய்கிறது என்று நான் முடிவு கட்டினேன். கரியில் பாதியைத்தான் கொடுத்தேன். மிச்சத்தைக் கிணற்றடி வாழைக்கு ஊற்றினேன்.

அந்தக் கொப்பியால் அவருக்கு ஒரு நாள் சீவன் போகப் பார்த்தது. யாரோ இயக்கத்திடம் போய்ச் சொல்லியிருக்கிறார்கள்: ஓய்வு பெற்ற ஒருவர், ஊர்ச் சனத்தின் பேருக்கு நேரே யூரியா அளவு எழுதி வைத்திருக்கிறார், 'உள்ளுக்கை இருக்கிறவை' பற்றி வரிசையில் நின்று கதைக்கிறார், வீட்டில் கரியும் ஆசிட்டும் இருக்கிறது என்று. உரத்துக்கு நாடே தவம் கிடந்த நேரம். பதுக்கினவர் என்றாலும் குற்றம், வெடி செய்வதற்குச் சேர்க்கிறார் என்றாலும் குற்றம். இரண்டு பெடியள் சைக்கிளில் வந்து விசாரித்தார்கள்.

கொப்பியில் என் கணவரின் பேர் இருந்ததால் என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனபோது அவர் பின்விறாந்தையில் கதிரையில் நேராக இருந்தார். கொப்பி மேசையில் விரிந்து கிடந்தது.

"உதிலை இருக்கிற பேர் ஆர் ஆர் எண்டு கேக்கிறம். சொல்லுறார் இல்லை," என்றான் மூத்தவன்.

"அது தம்பி, வருத்தக்காரர்," என்றேன் நான். "யூரியா எண்டது ரத்தத்திலை இருக்கிறது. என்ரை மனிசனுக்கும் இருக்கு. வேணுமெண்டால் வந்து பாருங்கோ."

மூத்தவன் என்னையும் கொப்பியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. போவதற்கு எழும்பினான். அப்போது அவர் தன் வழக்கப்படி அவனுடைய முகத்துக்குக் கிட்டப் போய் மூச்சை இழுத்தார்.

"தம்பி, எத்தினை நாளா வெளிக்குப் போகேல்லை?"

அவன் தோளில் தொங்கியதைச் சரிசெய்தான். மற்றவனைப் பார்த்தான். பிறகு மெல்லமாக, "நாலு நாள்," என்றான்.

அவர்கள் போனபிறகு நான் அவருடன் சண்டை பிடித்தேன். வருத்தக்காரரின் பேர் என்று ஒரு சொல் சொன்னால் முடிந்திருக்குமே, ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன்.

"ஆரின்ரை சலம் எப்பிடி எண்டு நான் ஊருக்குச் சொல்லுறேல்லை, பிள்ளை," என்றார்.

அன்று எனக்கு அவரில் ஒரு விருப்பம் வந்தது. அது ஒரு கிழமை நின்றது. பிறகு பழைய சந்தேகம் திரும்பிவிட்டது. நல்ல மனிதர் பிழையான மருந்து கொடுக்கமாட்டார் என்று எங்காவது எழுதியிருக்கிறதா?

அடுத்த தை பிறந்தபோது டொக்டர் அவசரப்படுத்தினார். கொழும்புக்குப் போவதென்றால் கிளாலியில் வள்ளம் ஏறிக் கடல்நீரேரியைக் கடக்க வேண்டும். அந்தத் தண்ணீரில் போய், நேவி சுட்டுத் திரும்பாதவர்கள் உண்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் அப்படி ஒரு பேர் தெரியும். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் போகத் தயாரானது. இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது என்றார்கள். என் கணவருக்குப் போக விருப்பமில்லை. நான் பயத்தால் இரவு பகல் தெரியாமல் கிடந்தேன். கடைசியில், நம்பாத அந்த மனிதரிடமே போய் நின்றேன்.

அவர் கொப்பியைப் பின்னுக்கிருந்து புரட்டிப் பார்த்தார்.

"டொக்டர் சொன்னது சரி. ஆனால் உந்தப் பயணத்தை உம்மடை மனிசன்ரை உடம்பு தாங்குமோ தெரியேல்லை. வியாழக்கிழமை போத்தல் கொண்டுவாரும். இதுதான் என்ரை கடைசி ஆசிட். நீலம் குறைஞ்சிருந்தால் இன்னும் ஒரு மாதம் பொறுக்கலாம். குறையாட்டி, யோசிக்காமல் வள்ளத்திலை ஏத்தும்."

வியாழக்கிழமைக்கு முந்திய நாள் என் கணவர் மாமியிடம் சூப்பு கேட்டார். பல நாளாக எதற்கும் வாய் திறக்காத மனிதர் கேட்டுவிட்டார். மாமி ஓடிப்போய் வைத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு கிண்ணம் குடித்தார், இன்னொன்றும் குடித்தார். அவர் அப்படி விரும்பிக் குடித்ததைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தடுக்கவில்லை.

விடியப் போத்தலைக் கையில் எடுத்தேன். இதைக் குலுக்கினால் என்ன நிறம் வரும் என்று எனக்குத் தெரியும். ஐயா என்னைத் திட்டுவார், பிறகு வள்ளத்தில் ஏறச் சொல்வார். திட்டுக்கு நான் பயந்தேன். தண்ணீருக்கு அதைவிடப் பயந்தேன். எது கூட என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. கக்கூசுக்குள் போய்ப் போத்தலை ஊற்றிக் கழுவினேன். அதற்குள் என்னுடைய சலத்தைப் பிடித்தேன்.

அவர் வாசலிலேயே நின்றார். போத்தலைப் பறிப்பது போல வாங்கினார். என்னை நெருங்கி வரவில்லை, என்ன கொடுத்தேன் என்று கேட்கவில்லை. வேறு நாளென்றால் முதலில் நெருப்பில் காட்டி வெண்படலம் பார்ப்பார். பார்த்திருந்தால் அந்தக் கணமே இது வருத்தக்காரரின் சலம் இல்லை என்று கண்டுபிடித்திருப்பார். அன்று நேரே ஆசிட்டை விட்டார். குலுக்கினார். அடியில் ஒன்றும் இறங்கவில்லை. கண்ணை இடுக்கிப் பார்த்தால் ஒரு மங்கல். அவ்வளவுதான்.

அவர் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"பிள்ளை! உவை அடங்கிட்டினம்! உம்மடை கையாலை அடங்கிட்டினம்! நான் சொன்னனான் எல்லே, நான் சொன்னனான் எல்லே..."

கொப்பியை எடுத்து எழுதினார். எழுதி முடித்து, கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் துடைத்தார். "இப்ப போகவேண்டாம். ஒரு மாதம் பொறும்," என்றார். ஊரில் ஒருவரையும் நம்பாத மனிதர், கர்த்தரின் கிண்ணத்தையே துடைத்துக் குடித்த மனிதர், அன்று என்னை நம்பினார். எனக்கு வேண்டியிருந்த பதில் கிடைத்துவிட்டது. நான் வீட்டுக்கு வந்து, போகத் தேவையில்லையாம் என்று சொன்னேன். என் கணவர் பெருமூச்சு விட்டுச் சிரித்தார். அந்தக் குடும்பம் எங்களை விட்டுவிட்டுப் போனது. சுகமாகப் போய்ச் சேர்ந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

மூன்றாவது கிழமை என் கணவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. வாயில் அந்த மணம், எனக்கே தெரிகிற அளவுக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தார். என்னை யாரென்று கேட்டார். பிறகு கேட்கவில்லை.

செத்தவீட்டுக்குப் போத்தல் ஐயா வந்தார், ஓரமாக நின்றார், போனார். அதற்குப் பிறகு அவருடைய பின்விறாந்தையில் யாருடைய போத்தலும் இறங்கவில்லை. கொண்டுபோனவர்களை, ஆஸ்பத்திரிக்குப் போங்கோ என்று திருப்பி அனுப்பினார். ஒழுங்கையில் யாரைக் கண்டாலும் நின்ற இடத்திலேயே நின்று கதைத்தார். நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு மாமியுடன் கொடிகாமத்துக்குப் போய்விட்டேன். மாமி மகனுக்குச் சூப்புக் கொடுத்ததை ஒருநாளும் நினைத்து வருந்தவில்லை. வருந்த வைக்கிற தைரியம் எனக்கும் வரவில்லை.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ஆமி நெருங்க, யாழ்ப்பாணச் சனம் முழுக்க மழைக்குள் நடந்து, கொடிகாமம் இருக்கிற தென்மராட்சிக்கு வந்தது. எங்கள் வளவுக்குள் பத்துக் குடும்பம். அந்தச் சனத்துக்குள் ஒரு பின்னேரம், நனைந்த உரப்பை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு அவரும் வந்து நின்றார். நன்றாக மெலிந்திருந்தார். நான் கோப்பையில் சோறும் பருப்பும் போட்டுக் கொடுத்தேன். தண்ணீர் காய்ச்சினதா என்று கேட்கவில்லை. யார் கழுவிய கோப்பை என்று பார்க்கவில்லை. நான் கொடுத்ததை அப்படியே சாப்பிட்டார். பாதியில் கையை நிறுத்தினார்.

"பிள்ளை, உமக்கு ஒண்டு சொல்லோணும். மூண்டு வருஷமாச் சொல்ல ஏலாமல் கிடக்கு."

"சாப்பிடுங்கோ ஐயா. பிறகு சொல்லலாம்."

"இல்லை, கேளும். அண்டைக்கு நீலம் வராதது உவை அடங்கினதாலை இல்லை. கிட்னி வாசலைச் சாத்திப்போட்டுது. நஞ்சு சலத்திலை இறங்காமல் ரத்தத்திலை நிண்டிருக்கு. நீலம் குறையிறதுக்கு ரெண்டு காரணம் இருக்கு எண்டு லாப்பிலை வேலை பழக வந்த பெடியளுக்குப் படிப்பிச்சவன் நான். எனக்கு விருப்பமான காரணத்தை எடுத்திட்டன். நெருப்பிலை காட்டிக்கூடப் பாக்கேல்லை. உம்மடை மனிசனை வள்ளத்திலை ஏறவிடாமல் மறிச்சது நான்தான். நான்தான் பிள்ளை."

அவர் அழுதுகொண்டிருந்தார். எச்சில் கையால் கண்ணைத் துடைக்க முடியாமல் முழங்கையால் துடைத்தார். எனக்கு நாக்கு நுனியில் சொல் இருந்தது. அது என்ரை சலம் ஐயா. இவ்வளவுதான் சொல்லவேண்டியிருந்தது. உள்ளே மாமி யாருக்கோ சோறு போட்டுக்கொண்டிருந்த சத்தம் கேட்டது.

"என்னை மன்னிச்சுக்கொள்ளும், பிள்ளை," என்றார்.

"நான் எப்பவோ மன்னிச்சிட்டன், ஐயா," என்றேன்.

அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பெரிய மனசு உமக்கு என்றார். பிறகு மிச்சச் சோற்றையும் சாப்பிட்டு முடித்து, இன்னும் கொஞ்சம் இருந்தால் போடும் என்று கோப்பையை நீட்டினார். நான் போட்டேன்.